கோயிலில் வராத அமைதி குளத்தங்கரையில் வரலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வயது 52. பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஒன்றரை வருடத்துக்கு முன் என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். முதல் நாள் ராத்திரியே நெஞ்சு கரிக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் படுக்க வைத்தேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தால் என்ற நினைப்பு ஒரு நாளும் என்னை விட்டதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் நெல்லையப்பர் கோயிலுக்குப் போனவள் நான். இப்போது போக முடியவில்லை. வீட்டில் விளக்கு ஏற்றினாலும் மனசு ஒட்டுவதில்லை. பங்குனியில் தம்பி மகன் வற்புறுத்திக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு நாரை, கூட்டின் மேல் இரண்டு சிறகையும் விரித்தபடி வெயிலில் அசையாமல் நின்றது. ஏன் அப்படி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. அவ்வளவு நேரமும் அவர் நினைப்பு வரவில்லை. ஏதோ ஒன்று என்னைத் தாங்கிப் பிடித்த மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது குற்ற உணர்ச்சி பிடித்துக்கொண்டது. வீட்டில் சொன்னதற்கு என் மாமியார், "சாமி கும்பிட மனசு வரல, கொக்கு பாக்க மட்டும் மனசு வருதோ?" என்று கேட்டுவிட்டார். எனக்கு அங்கே வந்தது பக்தியா, இல்லை துக்கத்திலிருந்து தப்பித்து ஓடுவதா? கடவுள் நம்பிக்கை எனக்குத் திரும்ப வருமா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் அந்த நாரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது மஞ்சள்மூக்கு நாரையாக இருக்க வேண்டும். கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களில்கூடக் கூடு கட்டும் பறவை அது. சிறகை விரித்து நின்றதற்குக் காரணம் கூட்டுக்குள் இருந்த குஞ்சுகள். இறகு சரியாக முளைக்காத குஞ்சு பங்குனி வெயிலைத் தாங்காது. அதனால் பெரிய பறவை வெயிலுக்கு முதுகைக் காட்டி, சிறகை விரித்து, குஞ்சுகள் மேல் நிழல் விழும்படி நிற்கும். வெயில் நகர்ந்தால் அதுவும் நகர்ந்து நிற்கும். தாய் மட்டும் செய்யும் வேலை இல்லை இது. ஆண் நாரையும் பெண் நாரையும் முறை போட்டுக்கொண்டு கூட்டைக் காக்கும். கீழே நின்ற உங்களுக்குக் குஞ்சுகள் தெரிந்திருக்காது, நிழலும் தெரிந்திருக்காது. காரணம் தெரியாமல் ஒரு மணி நேரம் ஒரு பறவையைப் பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்ட வரி அதுதான்: "ஏன் அப்படி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்." ஒன்றரை வருடமாக உங்கள் மனசு ஒரே ஒரு ஏனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஏன் அன்றைக்கே கூட்டிப் போகவில்லை? அன்றைக்கு முதல் தடவையாக வேறொரு ஏனைக் கேட்டிருக்கிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தப் பழைய கேள்விக்கும் ஒரு வார்த்தை. மாரடைப்பின் அறிகுறி நெஞ்செரிச்சல் போலவோ வாயுத் தொந்தரவு போலவோ வருவது சகஜம். ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் பார்க்காமல் மருத்துவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாத இடம் அது. விடிந்த பிறகு தெரிந்த விஷயத்தை வைத்துக்கொண்டு, ராத்திரி அடுப்படியில் நின்ற உங்களுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். இதைப் பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அதனால் எதுவும் மாறியிருக்காது என்றும் எனக்குத் தெரியும். ஒரே நினைப்பு மனசுக்குள் சுற்றிச் சுற்றி வரும்போது அதோடு வாதாடி ஜெயிப்பது கஷ்டம். நாம் எவ்வளவு வாதாடுகிறோமோ அவ்வளவுக்கு அதைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். கவனம் வேறொன்றின் மேல் தானாகப் போய் உட்கார்ந்தால்தான் அது கொஞ்சம் இளகும்.

2015-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 38 பேரில் ஒரு பாதியை மரம் செடி உள்ள வழியில் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள், மறு பாதியை வண்டிகள் இரையும் சாலை ஓரமாக. மரங்களுக்கு நடுவே நடந்து வந்தவர்களுக்கு இப்படிச் சுற்றும் நினைப்பு குறைந்திருந்தது. மூளையில் அதோடு தொடர்புள்ள ஒரு பகுதியின் இயக்கமும் தணிந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. சின்ன ஆய்வுதான், அதைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. ஆனால் கூந்தன்குளத்தில் உங்களுக்கு நடந்தது விசித்திரமான ஒன்றல்ல என்று காட்ட இது போதும்.

அடுத்து குற்ற உணர்ச்சி. அவர் நினைப்பு ஒரு மணி நேரம் வரவில்லை என்பதைத் துரோகம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். துக்கம் என்றால் நாள் முழுக்க அதிலேயே இருக்க வேண்டும், கொஞ்சம் விலகினாலும் பாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தம், இந்த எண்ணம் நம் வீடுகளில் பலமாக இருக்கிறது. துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபி, ஹெங்க் ஷுட் என்ற இருவர் 1999-இல் இதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொன்னார்கள். இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், வாழ்க்கையின் பக்கம் கொஞ்ச நேரம் என்று மனசு போய்ப் போய் வர வேண்டும். ஒரே பக்கம் நின்றுவிட்டால்தான் சிக்கல். அழுகையே இல்லாமல் வேலை வேலை என்று ஓடுகிறவரைப் பார்த்தாலும் நான் கவலைப்படுவேன், அழுகையிலிருந்து எழுந்திருக்கவே முடியாதவரைப் பார்த்தாலும் கவலைப்படுவேன். தப்பித்து ஓடுவதா என்று கேட்டீர்கள். ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்குத் திரும்பி வந்து, துக்கத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டீர்களே, அதற்குத் தப்பித்து ஓடுவது என்றா பெயர்?

"ஏதோ ஒன்று என்னைத் தாங்கிப் பிடித்த மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்களே, அது கொஞ்சம் பெரிய விஷயம். நம்மைவிடப் பெரிதான ஒன்றின் முன்னால் நிற்கும்போது வருகிற வியப்பைப் பற்றி மனவியலில் கடந்த இருபது வருடமாகப் பேசி வருகிறார்கள். எனக்குப் பிடித்தது 2020-இல் வெளியான ஒரு ஆய்வு. வயதானவர்கள் சிலரை எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு தடவை 15 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். அதில் ஒரு குழுவுக்கு மட்டும், சுற்றி இருப்பதைப் புதிதாகப் பார்ப்பது போலப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொரு நடையிலும் செல்ஃபி எடுத்து அனுப்பச் சொன்னார்கள். வாரங்கள் போகப் போக அந்தக் குழுவினரின் படங்களில் அவர்கள் உருவம் சின்னதாகிக்கொண்டே போனது. மரமும் வானமும் படத்தில் இடம் பிடித்துக்கொண்டன. சிரிப்பு மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தது. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

துக்கத்தில் நாம் நம்மை அறியாமலே படம் முழுக்க நிறைந்துவிடுகிறோம். நான் செய்த தப்பு, எனக்கு நடந்தது, என்னை மட்டும் ஏன் என்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை, வலி அப்படித்தான் செய்யும். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் படத்தின் ஓரத்துக்குப் போயிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்றும் குறையவில்லை, பாரம் குறைந்தது. பெரிதான ஒன்றுக்குள் நானும் ஒரு ஓரமாக இருக்கிறேன் என்ற அந்த நிலையிலிருந்துதான் பலருக்குப் பிரார்த்தனையும் தொடங்குகிறது. அதனால்தான் உங்களுக்கு அது பக்தி மாதிரித் தோன்றியிருக்கிறது.

கடவுள் இருக்கிறாரா, அந்தக் குளத்தில் உங்களைத் தாங்கியது அவர்தானா என்று சொல்லும் தகுதி என் படிப்புக்குக் கிடையாது. ஆனால் கோயிலை விட்டுக் குளத்தங்கரையில் அமைதி தேடுவது நம் வழக்கத்துக்கு விரோதமா என்று கேட்டால், அதற்கு நானே பதில் சொல்லலாம். அப்பரைப் பல்லவ மன்னன் நீற்றறைக்குள் அடைத்த கதை உங்களுக்குத் தெரியாததா? சுண்ணாம்புக் காளவாய்க்குள் இருந்துகொண்டு இறைவனின் திருவடி நிழல் எப்படி இருக்கிறது என்று பாடுகிறார். எதை எதைச் சொல்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் குளம். ஐந்தில் நான்கு கோயில் மதிலுக்கு வெளியே கிடப்பவை. வெந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் கைக்கு அகப்பட்ட சாட்சி தென்றலும் பொய்கையும்தான். நீங்கள் வெள்ளிக்கிழமைதோறும் போன நெல்லையப்பரே மூங்கில் காட்டில் வெளிப்பட்டவர் என்றுதானே தலபுராணம் சொல்கிறது? அங்கே தல விருட்சமும் மூங்கில்தான்.

இன்னொன்று கேட்க வேண்டும். வெறும் ஊகம்தான், தப்பாக இருந்தால் தள்ளிவிடுங்கள். கோயிலில் உங்களுக்குச் சாமியோடு பிரச்சினையா, ஆட்களோடா? வருடக்கணக்கில் வெள்ளிக்கிழமை போன இடம். பூக்கடைக்காரம்மாவுக்குத் தெரியும், அர்ச்சகருக்குத் தெரியும், பிராகாரத்தில் எதிர்ப்படும் பாதிப் பேருக்குத் தெரியும். "எப்படி இருக்கே?" என்று நெற்றியைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். பூவை நீட்டலாமா வேண்டாமா என்று ஒரு கை தயங்கும். கணவரை இழந்த பெண்கள் பலர், கோயிலுக்குப் போகாததற்குக் காரணமாக நம்பிக்கை போய்விட்டது என்றே என்னிடம் சொல்வார்கள். பேசப் பேச அந்தத் தயங்கிய கையில் வந்து நிற்கும். நாரைக்கு உங்களைத் தெரியாது. உங்கள் நெற்றியைப் பார்க்காது, எதுவும் விசாரிக்காது. அமைதி வந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்களை யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் கோயிலுக்கு, நடை திறந்திருக்கும் கூட்டமில்லாத நேரத்தில், ஒரு நாள் போய்ப் பாருங்கள். கும்பிடவே வேண்டாம், தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். அங்கேயும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஒன்றும் அவசரமில்லை.

இவ்வளவு சொன்ன நான் ஒரு எச்சரிக்கையும் செய்ய வேண்டும். இயற்கை அழகானது, அதனால் கருணையானது, அதனால் கடவுள் இருக்கிறார் என்று ஒரு கணக்குப் போட்டுவிடாதீர்கள். டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இரண்டாவது படியிலேயே கணக்குத் தப்பிவிடும். அதே கூந்தன்குளத்தில் காற்று பலமாக அடித்தால் குஞ்சுகள் கூட்டிலிருந்து விழுகின்றன. விழுந்த குஞ்சைத் தாய் நாரை இறங்கி வந்து எடுக்காது. காக்கையும் பருந்தும் காத்திருக்கும். மழை பொய்த்துக் குளம் காய்ந்த வருடங்களில் பறவைகள் வழக்கம்போல் வந்து கூடு வைப்பதில்லை. அழகை மட்டும் நம்பி எழுப்பிய நம்பிக்கை, அடுத்த தடவை மரத்தடியில் ஒரு செத்த குஞ்சைப் பார்த்ததும் இடிந்துவிடும். உங்கள் கணவர் ஏன் போனார் என்பதற்கு அந்தக் குளத்திடம் பதில் கிடையாது. அதைக் கேட்கப் போனீர்கள் என்றால் ஏமாந்துதான் வருவீர்கள்.

அந்த ஊர்க்காரர்களைப் பார்த்தால் நான் சொல்ல வருவது புரியும். 1994-இல்தான் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவித்தார்கள். ஊர் அதற்கெல்லாம் ரொம்ப முன்பிருந்தே பறவைகளைப் பார்த்துக்கொள்கிறது. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வீட்டு வாசலில் இருக்கும் மரத்தில் கூடு கட்டி முற்றமெல்லாம் எச்சமாக்கினாலும் விரட்டுவதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற லாபமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. விழுந்த குஞ்சை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்து, பறக்கவிட்டவர்களும் அந்த ஊரில் உண்டு. குஞ்சு ஏன் விழுகிறது என்று அவர்கள் யாரும் விளக்கம் சொன்னதில்லை. உங்களிடம் நம்பிக்கை திரும்புமா என்று கேட்டீர்களே, அது ஒரு நாள் காலையில் பழைய வெள்ளிக்கிழமை மாதிரியே வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேள்விக்குப் பதில் கிடைக்காமலே கையைக் காலை அசைக்க வைக்கும் ஒன்றாக வரலாம் என்று எதிர்பார்க்கிறேன்.

சரி, என்ன செய்வது? வாரத்தில் ஒரு நாள் பதினைந்து, இருபது நிமிடம் போதும். கூந்தன்குளம் வரை போக வேண்டியதில்லை. புதுப் பேருந்து நிலையத்துப் பக்கம் வேய்ந்தான்குளம் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் மருத மரங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு பறவையையோ ஒரே ஒரு மரத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் காட்சியையும் ரசிக்க முயற்சி செய்தால் ஐந்து நிமிடத்தில் மனசு பழைய இடத்துக்கு ஓடிவிடும். ஒன்றை மட்டும் உற்றுப் பார்த்தால் ஓடாது. நாரை மீன் பிடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அலகைப் பாதி திறந்து கலங்கல் தண்ணீருக்குள் விட்டு, பக்கவாட்டில் வீசிக்கொண்டே நடக்கும். காலால் சேற்றைக் கிளறிவிடும். மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. அலகில் பட்டவுடன் படக்கென்று மூடிக்கொள்ளும். இதை ஒரு தடவை முழுசாகப் பார்ப்பதற்குள் கால் மணி நேரம் போய்விடும். போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அங்கே அழக்கூடாது என்று சட்டம் இல்லை. அவர் நினைப்பு வந்தால் விரட்டவும் வேண்டாம். அவருக்கும் சேர்த்துப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பார்க்கலாம். சிலருக்கு அது உதவுகிறது.

கணக்கு டீச்சர் என்பதால் இன்னொரு யோசனையும் தோன்றுகிறது. 2011 முதல் ஜனவரி மாதங்களில் உங்கள் பக்கத்துக் குளங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலர்கள்தான் எண்ணுகிறார்கள். தம்பி மகனைக் கேட்டால் விவரம் சொல்லுவான். ஆயிரம் பறவை இருக்கும் குளத்தில் கூழைக்கடா எத்தனை, அரிவாள் மூக்கன் எத்தனை என்று பிரித்து எண்ண உங்களை மாதிரி ஆள் அவர்களுக்குத் தேவை. அங்கே வரித்தலை வாத்தையும் பார்க்கலாம். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருவது. சில வாத்துகளின் மேல் கருவி பொருத்திப் பார்த்ததில், 7,000 மீட்டருக்கு மேலேயும் பறந்தது பதிவாகியிருக்கிறது. நமக்கு அங்கே மூச்சு விடுவதே பெரும்பாடு. நீங்கள் பங்குனியில் போனபோது பெரும்பாலானவை ஊருக்குக் கிளம்பியிருக்கும்.

இதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும், தினமும் தாங்க முடியாத ஏக்கம், தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை, வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியாத நிலை என்று இருந்தால், அதற்குக் குளத்தங்கரை போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கத்துக்கு இப்போது தனியாகச் சிகிச்சை முறை இருக்கிறது, பலன் தருகிறது. அவர் போன இடத்துக்கே போய்விடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் அந்தச் சாயல் எனக்குத் தெரியவில்லை. கேட்டு வைப்பது என் கடமை.

கடைசியாக உங்கள் அத்தை. "கொக்கு பாக்க மட்டும் மனசு வருதோ" என்ற வார்த்தை சுருக்கென்று குத்தியிருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், போனது அவர் பெற்ற பிள்ளை. மருமகள் ஒரு மணி நேரம் லேசாக இருந்துவிட்டு வந்து சொன்னதும், தனக்கு அந்த ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லையே என்று அவருக்கு இருந்திருக்கும். வீட்டுக்குள் உங்களுக்கு மாதிரியே துக்கம் உள்ள இன்னொரு ஆள் அவர்தான். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேசியிருப்பீர்களா என்று எனக்குச் சந்தேகம். அடுத்த தடவை அவரையும் அழைத்துப் போங்கள். "வரமாட்டேன்" என்பார், இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள், அவர் உட்கார ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாரை எதற்காகச் சிறகை விரித்து நின்றது என்று இப்போது உங்களுக்குத் தெரியும், அவருக்குச் சொல்லுங்கள். கூடு இருக்கும் மரத்துக்கு நேர் கீழே மட்டும் நாற்காலியைப் போட்டுவிடாதீர்கள். புடவை பாழாகிவிட்டால் அப்புறம் அதற்கும் சேர்த்து அத்தையிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.